ரப்பர் தேன் ஒரு கிலோ, சோதனைக் குழாயில் நாற்பது நிமிடம்

மார்த்தாண்டத்தில் எந்தக் கடையில் தேன் வாங்கலாம் என்று சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கே தெரியாது என்பதுதான் காரணம். எங்கள் வீட்டுக்குத் தேன் வந்ததெல்லாம் அப்பாவின் நண்பர் ஒருவர் வைத்திருந்த பெட்டிகளிலிருந்து. அவர் வயதாகித் தேனீ வளர்ப்பை விட்ட பிறகு, கையில் கிடைத்த பாட்டிலை வாங்கிக்கொண்டிருந்தோம். இந்த வருஷம் ஒரு கடையைக் கைகாட்ட முடிகிறது. குழித்துறையிலிருந்து உள்ளே போகிற சாலையில், வீட்டு முன்னறையையே கடையாக வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது, ‘தேன் கிடைக்கும்’ என்று ஒரு தகரத்தில் எழுதித் தொங்குகிறது, அவ்வளவுதான்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். நொதிகள், அதாவது உயிர்களின் உடம்பில் வேதிமாற்றங்களை வேகப்படுத்துகிற என்சைம்கள், அந்தப் பாடம் ஒவ்வொரு வருஷமும் வரும், பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் இந்தத் தேனை வாங்கியபோது ருசி பார்ப்பதோடு நிறுத்தாமல், எங்கள் ஆய்வகத்துக்கும் கொண்டு போனேன். இந்த விமர்சனத்தில் பாதி அந்தக் கதைதான்.

முதலில் கடை. ஒரு அக்காவும் அவருடைய கணவரும் நடத்துகிறார்கள். பெட்டிகள் எல்லாம் ரப்பர்த் தோட்டங்களில் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் தேன் பெருகுவதே ரப்பர் மரத்தால்தான். தை மாதவாக்கில் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டுத் துளிர்விடும்போது, மூன்று இலைகள் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சின்னச் சுரப்பிகளில் மதுரம் என்கிற இனிப்பு நீர் ஊறும், பூவிலிருந்து அல்ல, இலைக்காம்பிலிருந்து. மாசி, பங்குனியில் தேனீக்கள் அதைத்தான் கொண்டு வந்து குவிக்கின்றன. நான் போனது மார்ச் இரண்டாம் வாரம், அன்று காலையில் எடுத்த தேன் துணி கட்டிய எவர்சில்வர் பாத்திரத்தில் வடிந்துகொண்டிருந்தது. கிலோ 450 ரூபாய். நிறம் வெளிர் பொன், காட்டுத் தேன்போலக் கருமை கிடையாது, வாசனையும் மெலிதுதான். நாக்கில் வைத்ததும் இனிப்பு, கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் லேசான புளிப்பு. அந்தப் புளிப்பு எனக்குப் பிடித்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

“சூடாக்குவீங்களா அக்கா?” என்று கேட்டேன். “தேனீங்க அடையை மெழுகு வச்சு மூடுற வரைக்கும் காத்திருந்தா எதுக்கு டீச்சர் சூடாக்கணும்?” என்றார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் கடையை எழுத உட்கார்ந்தேன். அதில் எவ்வளவு உயிரியல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா, ஆனால் செய்வது சரியாகச் செய்கிறார்.

தேன் என்பது மரத்தில் ஊறியதை அப்படியே சேர்த்து வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். மதுரத்தில் பெரும்பகுதி தண்ணீர், அதோடு நாம் டீயில் போடுகிற அதே சர்க்கரை, சுக்ரோஸ். வெளியே போய் உறிஞ்சி வந்த தேனீ கூட்டுக்குள் இருக்கிற தேனீயின் வாயில் கொடுக்கும், அது இன்னொன்றுக்குக் கொடுக்கும், இப்படிக் கைமாறுகிற ஒவ்வொரு தடவையும் அவற்றின் தலையில் உள்ள சுரப்பிகளிலிருந்து நொதிகள் அதில் கலக்கின்றன. அதில் முக்கியமானது இன்வர்டேஸ். சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு எளிய சர்க்கரைகள் கைகோத்து நிற்கிற ஒரு ஜோடி. இன்வர்டேஸ் அந்தக் கையைப் பிரித்துவிடும். நடுநிலையான தண்ணீரில் நொதியே இல்லாமல் சுக்ரோஸை விட்டுவைத்தால், சாதாரண வெப்பநிலையில் பாதி பிரிவதற்கே 400 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தேனீ சில நாட்களில் முடித்துவிடுகிறது. ஒரு பக்கம் இந்த வெட்டு வேலை, இன்னொரு பக்கம் இறக்கையால் விசிறி விசிறித் தண்ணீரை வற்ற வைப்பது, இரண்டும் முடிந்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். மூடாத அடையை அவசரப்பட்டு எடுத்தால் வெட்டும் முடிந்திருக்காது, தண்ணீரும் வற்றியிருக்காது. அக்கா காத்திருப்பேன் என்று சொன்னது இதைத்தான்.

நொதி எப்படி வேலை செய்கிறது என்று வகுப்பில் பூட்டு சாவி என்று சொல்வோம், 1894-இல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்ன உவமை. எனக்கு எங்கள் பாட்டியின் பாக்குவெட்டிதான் நினைவுக்கு வரும். பாக்கு உட்காருவதற்கு அதில் ஒரு வளைவு இருக்கும், அந்த வளைவில் பாக்குதான் உட்காரும், தேங்காயை வைக்க முடியாது. வைத்து அழுத்தினால் கையால் உடைக்கவே முடியாத பாக்கு இரண்டாகிறது. துண்டுகள் விழுந்ததும் வெட்டி மறுபடி திறந்து அடுத்த பாக்குக்குத் தயார், அதில் எதுவும் செலவாகவில்லை. பாக்கை வைத்த பிறகு வெட்டி அதன்மேல் இறுகுகிறது பாருங்கள், அதுவும் பொருந்துகிறது. 1958-இல் டேனியல் காஷ்லண்ட் என்பவர், நொதி விறைப்பான பூட்டு இல்லை, பொருள் வந்து உட்காரும்போது தானும் கொஞ்சம் வளைந்து அதைப் பிடிக்கிறது என்று திருத்திச் சொன்னார். அந்தப் பிடியில் சர்க்கரையின் பிணைப்பு இழுபட்டு, தண்ணீர் மூலக்கூறு நுழைய வசதியாகி, சாதாரணமாகத் தேவைப்படுவதைவிடக் குறைந்த ஆற்றலிலேயே காரியம் முடிகிறது.

எனக்கு இந்தப் பாட்டிலைக் கையில் வைத்திருக்கும்போது சிலிர்த்தது இன்னொரு காரணத்துக்கும். நொதியியலின் வரலாறே இதற்குள் மிதக்கிறது. மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதி டயஸ்டேஸ், 1833-இல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்தார்கள். மாவுச்சத்தை உடைக்கிற அதே வேலையைச் செய்கிற நொதி தேனிலும் இருக்கிறது, அதையும் டயஸ்டேஸ் என்றே சொல்கிறோம். நொதிகளின் பெயர் எல்லாம் ‘ஏஸ்’ என்று முடிகிறதே, அதன் மூலமும் இந்தப் பெயர்தான். அப்புறம் இன்வர்டேஸ்: 1913-இல் பெர்லினில் லியோனார் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும், ஈஸ்டிலிருந்து கிடைத்த இன்வர்டேஸை வைத்துத்தான் நொதிகளின் வேகத்துக்கான சமன்பாட்டை எழுதினார்கள். சர்க்கரையைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஒருவர்தான் என்றால் வரிசை மதிற்சுவரைத் தாண்டினாலும் மணிக்கு இத்தனை பேர் என்பது மாறாது, அதே கணக்கு. மென்டனைப் பற்றிச் சொல்லும்போது பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அதற்காகவே நான் அந்தப் பாடத்தை நிதானமாக எடுப்பேன்.

சரி, சோதனைக்கு வருகிறேன். தேனில் மாவுச்சத்து கிடையாது, ஆகவே டயஸ்டேஸுக்கு அங்கே சொல்லும்படியான வேலை இல்லை. ஆனால் அது இருக்கிறதா, உயிர்ப்போடு இருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப எளிது. அதனால்தான் தேன் சூடுபட்டதா, பழசாகிவிட்டதா என்று அறிய உலகம் முழுக்க அதையே அளக்கிறார்கள். நான் மூன்று தேன் எடுத்துக்கொண்டேன். ஒன்று இந்தக் கடையுடையது. இரண்டாவது, அதே தேனைச் சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. மூன்றாவது, எங்கள் வீட்டு அலமாரியில் இருந்த கடைப் பாட்டில், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. ஒவ்வொன்றிலும் ஐந்து கிராம் தேனைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஒரு சதவீத ஸ்டார்ச் (மாவுச்சத்து) கரைசல் 25 மில்லி ஊற்றி, 40 டிகிரி வெந்நீரில் நிறுத்தினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெள்ளை ஓட்டில் ஒரு சொட்டு விட்டு அதன்மேல் அயோடின், ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும்.

முதல் பத்து நிமிஷம் மூன்றும் ஒன்றுபோலக் கருநீலம். பிள்ளைகள் “ஒண்ணும் நடக்கலை டீச்சர்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இருபதாவது நிமிஷம் அக்கா கடைத் தேன் மட்டும் ஊதாவுக்கு மாறியது. முப்பதில் செம்பழுப்பு. நாற்பதில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும்தான், நீலத்தின் சாயலே இல்லை. ஸ்டார்ச்சின் நீளமான சங்கிலிகள் துண்டு துண்டாகி, அயோடின் நுழைந்து நீலம் காட்ட இடமில்லாமல் போய்விட்டது. கொதிநீரில் வைத்த தேன் ஒரு மணி நேரம் ஆகியும் கருநீலத்திலேயே நின்றது. அலமாரிப் பாட்டில் ஒரு மணி நேரத்தில் ஊதா வரைக்கும் வந்தது, அதற்கு மேல் நகரவில்லை. முதல் இரண்டும் ஒரே தேன், ஒரே மரம், ஒரே தேனீ, நடுவில் கொதிநீர் மட்டும்தான் வித்தியாசம் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். வகுப்பில் நான் பத்து வருஷம் பேசியது அந்த ஓட்டில் மூன்று பொட்டாகக் கிடந்தது.

வெந்தால் ஏன் கெடுகிறது? நொதி ஒரு புரதம். நீளமான நூலை மடித்து மடித்து ஒரு குறிப்பிட்ட உருவத்தில் வைத்தது போல, அந்த உருவத்தால்தான் பாக்கு உட்காருகிற வளைவு உண்டாகிறது. சூடு ஏறினால் மடிப்புகள் அவிழ்ந்து நூல் சிக்கலாகிவிடும். முட்டை வெள்ளை வெந்த பிறகு ஆறினாலும் மறுபடி வழவழ என்று ஆகாதே, அதேதான். சூடு எவ்வளவு, எத்தனை நேரம் என்பது இரண்டும் முக்கியம். தேனை 80 டிகிரியில் வைத்தால் டயஸ்டேஸ் பாதியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், இன்வர்டேஸ் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. 30 டிகிரியில் சும்மா வைத்தாலே டயஸ்டேஸ் சுமார் 200 நாளில் பாதியாகிவிடும், இன்வர்டேஸ் மூன்று மாதத்துக்குள். நம் ஊரில் 30 டிகிரி என்பது வீட்டு அலமாரிதான். ஆகவே ‘பழைய தேன்தான் உசத்தி’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இந்தப் பருவத்துத் தேனை இந்தப் பருவத்திலேயே வாங்குங்கள்.

இந்தச் சோதனையை வீட்டில் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீர்த்த கஞ்சித் தண்ணீரும், காயத்துக்குப் போடுகிற பழுப்பு அயோடின் மருந்தும் போதும், நிறம் நன்றாகவே வரும். ஆனால் நீலம் மறைந்தால் கலப்படமில்லாத தேன் என்று அர்த்தம் கிடையாது. மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் என்ற நொதியை வேறு இடத்திலிருந்து எடுத்துச் சர்க்கரைப் பாகில் கலந்தாலும் நீலம் மறையும். மறையாவிட்டால் போலி என்றும் இல்லை, சில வகைத் தேனில் இயற்கையாகவே இந்த நொதி குறைவு. சூடோ வயதோ தேனை எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். முறையான ஆய்வகத்தில் இதோடு வெப்பத்தால் உண்டாகும் எச்.எம்.எஃப் என்ற பொருளையும் அளப்பார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் அது கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்குள், டயஸ்டேஸ் குறைந்தது 3 அலகு, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் என்று இருக்கிறது. தீக்குச்சியைத் தேனில் முக்கிப் பற்றவைப்பது, தண்ணீரில் சொட்டு விடுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் எதையும் நிரூபிக்காது. தயவுசெய்து அதை வைத்து நல்ல தேன்காரர்களைத் திட்டாதீர்கள். உறைவதும் அப்படித்தான், ரப்பர் தேன் சீக்கிரமே வெண்மையாகக் கட்டிப்படும், குளுக்கோஸ் படிகமாவதுதான் அது. கைபொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் வைக்க வேண்டாம்.

புளிப்பு எங்கிருந்து என்று சொல்வதாகச் சொன்னேன். தேனீ சேர்க்கிற மூன்றாவது நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ். அது குளுக்கோஸை எடுத்துக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றும், கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். அமிலம்தான் அந்த மெல்லிய புளிப்புக்கு முக்கியக் காரணம். பெராக்சைடு, மதுரம் இன்னும் தண்ணியாக இருக்கும்போது கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்கிறது. தேன் கெட்டியான பிறகு இந்த நொதி கிட்டத்தட்ட உறங்கிவிடும், தண்ணீர் சேர்த்தால் மறுபடி எழும். காயத்துக்குத் தேன் போடுகிற பழக்கத்துக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. அதற்காகக் கடைத் தேனை எடுத்துப் புண்ணில் தடவாதீர்கள், மருத்துவமனைகளில் பயன்படுத்துவது கிருமி நீக்கிய தேன்.

இப்போது குறை. ஜூன் மாதம், மழை பிடித்த பிறகு, இரண்டாவது தடவையாக ஒரு கிலோ வாங்கினேன். பத்து நாளில் மேலே நுரை கட்டியது, மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று, கள் வாடை. கொண்டு போய்க் காட்டினேன். “ஈரக் கரண்டி போட்டியளா டீச்சர்?” என்று அக்கா முதலில் கேட்டார், எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது, போடவில்லை. அவருடைய கணவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பருவக் கடைசியில் மழைக்குப் பயந்து மூடாத அடையையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்று ஒத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் மார்ச்சில் எடுத்து வைத்திருந்ததிலிருந்து மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிக் கொடுத்தது நல்லது, ஆனால் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், ஒரு மதிப்பெண் அதற்காகக் குறைக்கிறேன். ரப்பர் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம். ஈரம் கூடினால் தேனில் எப்போதும் இருக்கிற ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், அதன் உடம்பிலுள்ள நொதிகள் வரிசையாக வேலை செய்து சர்க்கரையை ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக ஆக்கும். ஒருகாலத்தில் இதற்கு உயிருள்ள ஈஸ்ட்டே வேண்டும் என்று நம்பினார்கள். 1897-இல் எட்வர்ட் புக்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றில் சர்க்கரை போட்டார், உயிரணு இல்லாமலேயே அது நுரைத்தது. 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். தமிழில் நாம் நொதி என்று சொல்வதும் நொதிப்பதிலிருந்து வந்த சொல்தானே, என் பாட்டிலுக்குள் அது நேராகவே நடந்துகொண்டிருந்தது. பல வியாபாரிகள் தேனைச் சூடாக்குவதற்குக் காரணமும் இதுதான், ஈரத்தை வற்றவைத்து ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டால் புகார் வராது. அதில் எனக்குப் புரியாத நியாயம் ஒன்றும் இல்லை, ஆனாலும் காத்திருந்து எடுத்த தேனுக்கே நான் காசு கொடுப்பேன்.

சில பாட்டில்களில் ‘நொதிகள் நிறைந்தது, செரிமானத்துக்கு உதவும்’ என்று அச்சடிக்கிறார்கள். இந்தக் கடையில் அப்படி எதுவும் சொல்லவில்லை, அது எனக்கு நிம்மதி. தேனின் நொதியும் புரதம்தான், வயிற்றின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அதைப் பருப்பைப் போலவே செரித்துவிடும். நமக்கு வேண்டிய நொதிகளை நம் உடம்பே செய்துகொள்கிறது. அவித்த மரச்சீனிக் கிழங்கை மீன்கறி தொடாமல் வாயில் வைத்து நன்றாக மென்று பாருங்கள், சற்று நேரத்தில் இனிக்கும், அது உமிழ்நீரின் அமைலேஸ். மட்டி வாழைப்பழம் காயாக இருக்கும்போது மாவாக இருந்து பழுத்ததும் இனிப்பது, அந்தக் காய்க்குள் அதே வகை வேலை நடப்பதால். தேனீ இன்வர்டேஸால் செய்ததை நம் சிறுகுடல் சுக்ரேஸால் செய்கிறது, அதனால் தேன் உண்டால் அந்த ஒரு வெட்டு மிச்சம், மற்றபடி அது சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேன் என்பதால் தாராளமாகச் சாப்பிட முடியாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. எவ்வளவு நல்ல தேனிலும் பாட்டுலிசம் நோயைத் தருகிற கிருமியின் வித்துகள் இருக்கலாம், பிஞ்சுக் குடலால் அதைத் தடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஆசையாகச் செய்கிற சடங்கு இது, நான் என் அக்கா பேத்திக்கு நின்று தடுத்தேன், அதற்கு வருத்தப்பட்டவர்கள் உண்டு.

சிறுதேனும் இவர்களிடம் கிடைக்கும், கொசுத் தேனீயுடையது, ரொம்பக் கொஞ்சம்தான் எடுப்பார்கள், ஏப்ரலுக்குள் தீர்ந்துவிடும். தேன்நெல்லி சுமார், இஞ்சித் தேன் எனக்குப் பிடிக்கவில்லை.

போகிறவர்கள் மார்ச்சில் போங்கள். ஜூனில் போனால் எந்த மாதம் எடுத்தது என்று கேட்டு வாங்குங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் போய்விடுவார்கள், பதினொன்றரைக்கு மேல்தான் திறப்பு. பாட்டில் நாமே கொண்டு போனால் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வார்கள், ஆனால் நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஜூனுக்குப் பிறகு அக்கா ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.